தவிற்கழியும் மாணாக்கன் கையும்

கோயில் வீதியிலே மேளச்சமா உச்சத்தை எட்டும் வேளையில், சூழ்ந்து நிற்போர் கண்களெல்லாம் தவில் வித்துவானுடைய வலக்கையையே மொய்த்துக்கொண்டிருக்கும். கூடு பூட்டிய விரல்கள் வலந்தலையிலே பொரிவதைப் பார்த்துத் தலையசைப்போர் பலர். மறுபுறத்திலே தொப்பியின் மீது விழுந்தெழும் சிறு மரக் கழியைப் பார்ப்போர் மிகச் சிலர். அக்கழியைப் பற்றி எழுதப் புகுந்தால், "இதில் எழுதுவதற்கு என்ன உண்டு?" என்று வாசகர்களிற் சிலர் கேட்கலாம். பிள்ளையைத் தவிலுக்கோ பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கோ அனுப்பியிருக்கும் பெற்றோர் அவ்வாறு கேளார். "கை நோகுது" என்று இராச் சாப்பாட்டின்போது பிள்ளை முனகுவதை அவர்கள் கேட்டிருப்பார்கள்.

நாம் தவில் வாசிக்க அறியோம். கல்லூரியிலே தமிழும் சைவசமயமும் படிப்பிப்பது நமது தொழில். ஆயினும் கலைமன்றப் பொறுப்பு நம் தலையிலே வைக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டமையால், கழி வெட்டுவோரோடும் கழி பிடிப்போரோடும் பழகும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அப்பழக்கத்தால் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுவாம்.

தவிலின் உடல் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. முகங்கள் இரண்டு. வலந்தலை பெரியது, அதன் தோல் மிக இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கும். தொப்பி சிறியது, அதன் தோல் தளர்ந்திருக்கும். பெரிய முகம் உச்ச ஒலியையும் சிறிய முகம் தாழ்ந்த ஒலியையும் தருவது புதியோர்க்கு வியப்பாகத் தோன்றும். தோலின் இறுக்கமே அதற்குக் காரணம். முற்காலத்தில் வாரினால் இழுத்துக் கட்டினர். இக்காலத்தில் இரும்புக் கம்பியும் சுரையும் அவ்வேலையைச் செய்கின்றன. வலந்தலையில் விளையாடுவன விரல்கள். அவற்றுக்குத் துணையாக மாப்பசையும் துணியும் கொண்டு செய்து உலர்த்திய கூடுகள் உண்டு. தொப்பியை ஆள்வது கழி. அங்கே மரமும் மணிக்கட்டும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்க நூல்களிலே முரசறையும் கோலுக்குக் கடிப்பு என்றும் குணில் என்றும் பெயர் வழங்கும். குணில் நம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. கடிப்போ தமிழர் வாயிலிருந்து மறைந்தும் இலங்கையை விட்டு நீங்கவில்லை. சிங்களக் கலைஞர் தவுல என்னும் மேளத்தை அறையும் கோலை இன்றும் 'கடிப்புவ' என்றே வழங்குகின்றனர். கண்டிப் பெரகராவிலே தவுல வாசிப்போரைக் கவனித்தால், அவர்கள் வலக்கையிலே கோல் பிடித்து இடப்பக்கத்தை வெறுங்கையால் அடிப்பதைக் காணலாம். நம் தவிற்காரருக்கு இது நேர்மாறு. தம்மெட்டம எனப்படும் இரட்டை முரசுக்கு உரிய கோல்கள் இன்னொரு விதம். அவற்றின் நுனி வளையமாகச் சுருண்டிருக்கும். புறநானூறு படிப்பிக்கும்போது இச்செய்தியைச் சொன்னால், கடைசி வாங்கிலே தூங்கி வழியும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

தவிற்கழிக்கு உரிய மரம் பூவரசு. யாழ்ப்பாணத்தவர்க்கு இம்மரத்தை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. கிளுவையோடும் முள்முருக்கோடும் கதியாலாக நின்று வளவைக் காப்பது அது. அதன் குழை தோட்டத்துக்கு உரம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளையும் நம்மூரில் உண்டோ! நாயனத்துக்கு இலையும் தவிலுக்குக் கொம்புமாக, ஒரே மரம் பெரிய மேளம் முழுவதையும் சிறுவர் கையிலே கொடுத்துவிடுகின்றது. இக்காலத்தில் வேலிகள் அருகி மதில்கள் எழுகின்றன. சீமெந்து மதிலிலே கழி வெட்ட முடியாது என்பதை மதில் கட்டுவோர் நினைப்பதில்லை.

கொம்பு நேராக இருக்கவேண்டும். கணு விழுந்த இடம் ஆகாது. நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை முறியாமல் ஓடினாற் கழி நெடுநாள் உழைக்கும். ஒரு சாணுக்குச் சற்று மேலான நீளம் போதும். பச்சைக் கொம்பைச் சீவி அன்றைக்கே பிள்ளை கையிற் கொடுப்போரை நாம் கண்டிருக்கின்றோம். இது தகாது. பச்சை மரத்திலே நீர் மிகுதி. உலரும்போது பாரம் குறையும். சில வேளை வளையும். சில வேளை வெடிக்கும். ஒரு பாரத்துக்குப் பழகத் தொடங்கிய பிஞ்சுக் கை மறுமாதம் வேறொரு பாரத்தைச் சந்திக்கும். ஆதலின் வேண்டிய பருமனிலும் சற்றுக் கூடுதலாக வெட்டி, நிழலிலே ஆறவிட்டுக் காயவைத்த பின்னரே சீவவேண்டும். வெயிலிலே போட்டால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிப்புக் காணும். அவசரக்காரருக்குப் பூவரசு இடங்கொடாது.

சீவிய கழியைச் சோதிக்கும் முறைகள் எளியவை. மேசையிலே உருட்டிப் பார்க்கலாம். நேரான கழி அமைதியாக உருளும், கோணலானது துள்ளித் துள்ளிப் போகும். ஒரு நுனியை இரு விரல்களால் மெல்லப் பிடித்துத் தொங்கவிட்டு மற்றொரு மரத்தால் தட்டினால், நல்ல கழி தெளிவாகக் கணீரென்னும். உள்ளே வெடிப்புள்ளது மந்தமாக ஒலிக்கும். அடிக்கும் நுனி உருண்டு மழுங்கியிருத்தல் இன்றியமையாதது. விளிம்பு கூராயிருந்தால் தொப்பித் தோல் சில நாட்களிலே கிழியும். கண்ணாடித் துண்டாற் சுரண்டி மழமழப்பாக்குவது பழைய வழக்கம். பிடிக்கும் இடத்தில் வார்னிஷ் பூசுதல் வேண்டா. வியர்வை பட்ட கையில் அது வழுக்கும்; வழுக்குகின்ற கழியைப் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும்; இறுக்கிப் பிடித்த கை விரைவிலே சோரும். கடைகளிலே மினுக்கி வைத்திருக்கும் கழியைக் கண்டு மயங்கும் தாய்தந்தையர் இதனை நினைவிற் கொள்வாராக.

இனிப் பருமன் என்னும் பெரிய வினா. கோல் தோலைத் தொட்டிருக்கும் நேரம் கண்ணிமைப்பினும் மிகச் சிறியது. அச்சிறு நேரத்தின் நீளமே ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கின்றது. இலேசான, கடினமான, கூரிய கோல் தொட்டவுடன் விலகிவிடும். நுண்ணிய உச்ச ஒலிகள் பல அதனால் எழும். பருத்த, உருண்ட நுனியுடைய கோலோ தோலைச் சற்று அதிக நேரம் அகலமாகத் தொட்டு நிற்கும். உச்ச ஒலிகள் அடங்க, அடியொலி மிஞ்சும். கோயில் மணிக்கு இரும்பு நாக்கும் பெரிய பேரிகைக்குக் கம்பளி சுற்றிய கோலும் அமைந்ததன் காரணம் இதுவே. தொப்பிக்கு வேண்டியது 'தொம்' என்னும் ஆழ்ந்த நாதம். ஆகவே வித்துவான்கள் பருத்த கழியை விரும்புவது நியாயமே. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு மெல்லிய கழியைக் கேட்கின்றது. காதுக்கும் கைக்கும் இடையிலே எழும் இவ்வழக்கில் நாம் கையின் பக்கமே நிற்போம். மெல்லிய கழியால் நாதம் சற்று வறண்டு போகும், போகட்டும். வரவேண்டிய நாதம் கை வளர வரும். கெட்ட மணிக்கட்டு அவ்வளவு எளிதில் திரும்பி வாராது.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ள மாணாக்கனுக்குக் கழி அமைவது இடக்கையிலே. வலிய கைக்கு விரல் வேலையும் வலி குறைந்த கைக்கு மரத்தின் பாரமும் என்று இவ்வாத்தியம் பங்கிட்டிருக்கின்றது. எழுதுவதற்கோ சாப்பிடுவதற்கோ பழக்கப்படாத அந்த இடக்கை, திடீரென்று ஒரு நாள் முழு வேலைக்காரனாகிவிட வேண்டியிருக்கின்றது. கழியைத் தெரிந்தெடுக்கும்போது பிள்ளையைக் கண்மூடச் சொல்லி, மூன்று கழிகளை மாறிமாறி இடக்கையிலே கொடுத்துப் பார்த்தல் நன்று. கண் திறந்திருந்தாற் பிள்ளை பெரியதையே கேட்கும். கண்மூடியிருக்கையிலே கை உண்மையைச் சொல்லும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் தவிலைத் திருப்பிப் போட்டு, வலக்கையிலே கழி பிடித்து வாசிக்கலாம். மேள மரபு இதனை ஒருபோதும் குற்றமாகக் கொண்டதில்லை. வலக்கைக்காரர் ஒருவரும் இடக்கைக்காரர் ஒருவருமாகத் தவில் வாசிக்கும் குழுக்களும் உண்டு. நாயனகாரரின் இருபுறமும் அவர்கள் நிற்கும் அழகு கண்ணாடியிற் பார்ப்பதுபோல் இருக்கும். இடக்கையால் எழுதிய பிள்ளைகளின் கையிலே அடிமட்டத்தால் அடித்த ஆசிரியர்கள் பலரைப் பள்ளிக்கூடங்கள் கண்டிருக்கின்றன. இவ்விஷயத்திலே படித்த நம்மைவிட மேளகாரர் பரந்த நோக்கினராயிருந்தனர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாமறிந்த ஒரு குடும்பம். பரம்பரையாகத் தவிலே தொழில். அவ்வீட்டுப் பையனை ஒன்பதாம் வயதிலே அயலூர் வித்துவானிடம் படிக்க விட்டனர். பாட்டனார் நாற்பது ஆண்டு பிடித்த கழி வீட்டிலே இருந்தது. கைவியர்வை ஊறிக் கறுத்து மினுங்கும் கனத்த கழி. அதனையே பையன் கையிற் கொடுத்தார் தகப்பனார். இரண்டு மாதத்திலே பையனுடைய இடது மணிக்கட்டு வீங்கியது. "சாட்டுச் சொல்லுறான்" என்றார் தகப்பனார். வித்துவான் அக்கழியை வாங்கிக் கையிலே நிறுத்துப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், பின் தகப்பனாரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது பெரியவற்றை கைக்கு வெட்டினது. இவன்ரை கை இன்னும் வளரேல்லை. கொண்டுபோய்ச் சாமியறையிலை வையுங்கோ."

தகப்பனார் முகம் கறுத்தது. "நாங்கள் எல்லாரும் இதிலைதானே அண்ணை பழகினனாங்கள்."

"ஓம். அதாலைதான் உங்கடை தம்பியார் இடையிலை விட்டவர்."

அதன்பின் அங்கே எவரும் பேசவில்லை. அந்தத் தம்பியார் சிறு வயதிலே தவிலை விட்டுக் கொழும்புக்குச் சென்று கடையிலே நின்றவர். சோம்பேறி என்றும் குலத்தொழிலை மதியாதவர் என்றும் அவரை வீட்டார் முப்பது ஆண்டு பேசியிருந்தனர். மறுநாள் வேலியிலே கொம்பு பார்க்கச் சென்றவர் தகப்பனாரேதான். பையனுக்குப் பதினேழு வயதானபோது சாமியறைக் கழியை எடுத்துப் பார்த்து, "இது எனக்குப் பாரம் காணாது" என்றானாம். இதைச் சொல்லி அவ்வித்துவான் சிரித்த சிரிப்பு இன்னும் நம் காதிலே இருக்கின்றது.

படிப்பிக்கும் முறைக்கு வருவோம். நல்லாசிரியர் கழியை முதல் நாளே கொடார். வாய் முந்தவேண்டும். சொற்கட்டை வாயாற் சொல்லித் தொடையிலே தாளம் போடப் பழகிய பின்னரே கை வாத்தியத்துக்குப் போகும். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி என்று நாவிலே இடறாது ஓடுவதுதான் கையிலும் இடறாது ஓடும். பின்பு மரக்கட்டையிலோ கல்லிலோ சாதகம் செய்விப்பர். இதிலே ஒரு பொறியும் உண்டு. கல்லிலே அடித்த கழி தானாகவே துள்ளி மேலே வரும். தளர்ந்த தொப்பித் தோலோ அவ்வளவு துள்ளலைக் கொடாது. கழியைக் கைதான் தூக்க வேண்டும். கல்லிலே மாதக்கணக்காக அடித்துப் பழகிய பையன் தொப்பிக்கு வந்தவுடன் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. அன்றியும் கல்லின் அதிர்ச்சி மணிக்கட்டிலே இறங்கும். கல்லிலும் மரக்கட்டை நன்று. மரக்கட்டையோடு நாள்தோறும் சிறிது நேரம் தொப்பியும் வேண்டும் என்பது நமது கருத்து.

கழியைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தாங்க, மற்ற விரல்கள் தளர்ந்து துணை நிற்க வேண்டும். முழங்கையையும் தோளையும் இழுத்து அடிக்கும் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாலே தெரியும், நரம்பு புடைத்திருக்கும். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் பலத்தால் அன்று, கழி எழும் உயரத்தால் என்று முதலிலேயே காட்டிவிட்டால், பாதிக் கஷ்டம் நீங்கும். ஒரே உயரத்திலிருந்து விழும் அடிகள் ஒரே அளவாக ஒலிக்கும். இதனை முதற்காலத்திலே, மிக மெதுவாக, சலிப்பு வருமட்டும் செய்விக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. அவர்கள் கேட்டு வந்தது திருவிழாவின் மூன்றாங்காலம். கிடைப்பதோ நத்தை நடை. சலிப்பைத் தாங்க மாட்டாத பிள்ளை ஓடிவிடும் என்று பயந்து வேகத்தை முந்திக் கொடுக்கும் ஆசிரியர் இக்காலத்திலே மலிந்துள்ளனர். பெற்றோரும், "இன்னும் ஒரு உருப்படியும் வாசிக்கக் காணோமே" என்று மூன்றாம் மாதத்திலே கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். களைப்பு வேறு, நோவு வேறு. களைப்பு இளைப்பாறினால் நீங்கும். மறுநாட் காலையிலும் நிற்கும் நோவைச் சாட்டு என்று தள்ளாது, சாதகத்தை நிறுத்திக் கழியையும் பிடியையும் பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. தமிழகத்திலே நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடமும் பயின்று, காவிரிக் கரையாரே வியக்கும் நிலையை எய்தியவர். அவருடைய ஒலிப்பதிவுகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. மாணாக்கர் அவற்றைக் கேட்கையில் வலந்தலையின் பொரிவை ஒருமுறை மறந்து, தொப்பியை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்பாராக. எங்கே கழி பேசாமல் நிற்கின்றது என்பதைக் கேட்கக் கேட்க, அடிப்பது மட்டும் வாசிப்பன்று என்பது விளங்கும்.

கழியைப் பற்றிப் பேசுங்கால் பறையை விட்டுச் செல்வது நேர்மையன்று. தமிழ்நாட்டுப் பறைக்கு இரு குச்சிகள்: ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளமுள்ள தடித்த அடிக்குச்சி ஒன்று, ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் நீளமுள்ள மெல்லிய மூங்கிற் குச்சி ஒன்று. ஒரே தோலிலே இரு நிறங்களை எழுப்பும் அறிவு அதிலே இருக்கின்றது. ஆயினும் தவிற்கழியைக் கண்ணில் ஒற்றும் நம் கை பறைக் குச்சியைத் தொடக் கூசிற்று. நம் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். இடைவேளையிலே அடிமட்டமும் பென்சிலும் கொண்டு மேசையிலே அவன் வாசிப்பதைக் கேட்டு நாம் வாயிலிலே நின்றுவிட்டோம். எங்கே பழகினாய் என்று கேட்டதற்கு, "ரேடியோவிலை கேட்டனான், சேர்" என்று தலை குனிந்தான். அவன் தந்தையார் பறை வாசிப்பவர் என்பது பின்னரே தெரிந்தது. அடுத்த ஆண்டுக் கலைவிழாவுக்கு அவரை அழைத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தோம். தவில் வித்துவானுக்குக் கொடுத்த ஊதியமும் அதே மாலையும் அவருக்கும் கொடுக்கப்பட்டன. சபையிலிருந்து பெரியவர் இருவர் எழுந்து போயினர். மகன் மேடையிலே தலை நிமிர்ந்து நின்றதை அவர்கள் பார்த்திருக்கலாம். பாராமற் போனது அவர்களுக்கே நட்டம்.

பள்ளிக்கூட பாண்ட் குழுவினரும் கோல் பார்க்க வேண்டியவர்களே. பக்கமேளத்துக்கு இரு கோல்கள் சோடியாக அமைய வேண்டும். ஒன்று பாரமும் ஒன்று இலேசுமாயிருந்தால் இரு கையும் ஒருபோதும் ஒத்து வாரா. கடையிலே ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, தட்டிக் கேட்டு, ஒரே ஒலி தருவனவற்றைச் சோடி சேர்த்து வாங்குதல் நலம். பெரிய மேளத்தின் கோலிலே கம்பளித் தலை தேய்ந்து மரம் வெளியே தெரிந்தால் உடனே மாற்றவேண்டும். பழந்துணி சுற்றிக் காலங் கடத்துதல் பள்ளிக்கூட வழக்கம், ஆனால் நல்ல வழக்கமன்று.

கடைசியாகக் காது. திறந்த வீதிக்கென்று பிறந்த வாத்தியம் தவில். அதனைச் சிறிய வகுப்பறைக்குள்ளே எட்டுப் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுகின்றோம். 85 டெசிபெல் ஒலியிலே 8 மணி நேரம் இருப்பதே தொழிலாளர்க்கு எல்லை என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும் என்றும் ஒலிநலம் ஆராய்வோர் வகுத்திருக்கின்றனர். அக்கணக்கின்படி 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரமே மிஞ்சும். வகுப்பு முடிந்தபின் காதிலே இரைச்சல் கேட்கின்றது என்று பிள்ளை சொன்னால் அது விளையாட்டன்று; கெட்ட செவி நரம்பு மீளத் தளிர்ப்பதில்லை. பஞ்சு வைத்தல் பெரும்பயன் தராது. மருந்துக்கடைகளிலே விற்கும் மென்னுரைச் செருகிகள் தரும். சாதகத்தை மரக்கட்டையிலே செய்விப்பதும், தவிலை வெளியிலே வாசிப்பிப்பதும் அதனினும் எளியன. நமது கல்லூரியிலே இத்தவணை தொடக்கம் தவில் வகுப்பு மண்டபத்தை விட்டுக் கிணற்றடி வேம்பின் கீழே நடைபெறுகின்றது. பிள்ளைகள் மகிழ்ச்சியாயிருக்கின்றனர், அயல் வீட்டார் இருவர் மாத்திரம் அதிபரிடம் முறைப்பாடு கொண்டு வந்திருக்கின்றனர்.